சலிவனுக்கு முன்பே கோத்தகிரி

அன்புள்ள போஜன்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். கேரட் விலைதான் தேறவில்லை.

திருவிழா மலருக்கு நீ எழுதும் ஊர் வரலாறு 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் சலிவன் துரை கோத்தகிரிப் பக்கத்துத் திம்பட்டிக்கு வந்ததில் தொடங்குகிறது. அங்கிருந்து தொடங்காதே. திம்பட்டியே ஒரு ஹட்டி, நம் மலையில் உழுது வாழும் படுகரின் ஊர்தானே! சாமையும் ராகியும் கொரலி என்ற சிறுதானியமும் விளைந்த ஊருக்குத்தான் அவர் வந்தார்.

ஹட்டிகள் அமைந்த இடத்தைப் பார். பள்ளத்தில் சதுப்பு; மார்கழி, தையில் உறைபனி விழுந்து, பின்தங்கிய பயிரைக் கருக்கிவிடும். உச்சியில் காற்று, தண்ணீர்த் தட்டு. அதனால் சரிவின் நடுவே, சோலை ஊற்று இறங்கும் பக்கமாக, வரிசை வீடுகள். பக்கத்தில் களமும் மாட்டுப்பட்டியும். சாணம் சுமந்துபோக முடிகிற தூரம்வரைதான் ஆண்டுதோறும் விதைப்பு. அதற்கப்பால் சில போகம் எடுத்துவிட்டுத் தரிசாகப் போடுவார்கள். இப்படி மாற்றி மாற்றி உழ இடம் தந்த புர்த்தி பட்டா முறையை அரசு 1860களில் நிறுத்தியது. தானியம் சுருங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அவசியம் எழுது.

ராகியையும் சாமையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே. ராகியைக் குத்த வேண்டாம், நேரே திரிகையில் அரைக்கலாம். நன்றாகக் காய்ந்தால் பூச்சி அண்டாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பஞ்சத்துக்கு இருப்பு அதுதான். சாமை சீக்கிரம் வரும், உமி போகக் குத்த வேண்டும். கைவிதைப்புக்கு எதுவானாலும் ஏக்கருக்கு நாலைந்து கிலோ போதும். கதிர் வரும் நேரத்தில் மூடுபனி விடாமல் நின்றால் ராகியின் கழுத்தில் குலைநோய் பிடித்துக் கதிர் பதராகும். சாமையைத் தாமதமாக விதைத்தால் குருத்து ஈயின் புழு நடுக்குருத்தைக் காய வைத்துவிடும். ஈரக் கதிரைக் குவித்தாலோ சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும்.

உன் கட்டுரையில் பெரிய குறை, இந்த மலையின் கைவினைப் பழங்குடியான கோத்தர்கள் இல்லாதது. நீலகிரியின் ஏழு கோத்தர் ஊர்களில் ஒன்று கோத்தகிரியிலேயே இருக்கிறது. கொழு, கொத்து, அரிவாள், பானை எல்லாம் அவர்கள் கைவேலை. சாவுவீட்டு இசையும் அவர்களுடையதே. ஒவ்வொரு படுகர் குடும்பத்துக்கும் தலைமுறையாக ஒரு கோத்தர் குடும்பம் இருந்தது. கூலி காசு இல்லை, அறுவடையில் தானியம். எருமை வளர்த்த தோடருக்கும் காட்டில் வாழ்ந்த குறும்பருக்கும்கூட அந்தக் களத்திலிருந்து பங்கு போனது. பின்னால் பணப்பயிராக வந்த உருளைக்கிழங்கை விற்ற சந்தையிலேயே இரும்புக் கருவியும் கிடைக்க ஆரம்பித்ததும் இந்தக் கொடுக்கல் வாங்கல் தளர்ந்தது. 1930களில் பெரும்பாலும் முறிந்துபோனது.

ஹட்டிப் பெரியவர்களிடம் மட்டும் கேட்டு எழுதாதே. கோத்தர் பெரியவர்களிடமும் போய் உட்கார்ந்து கேள். அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தப் பகுதியை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
ராமன்