கொப்பியில் கோடு போட்டுத் தந்த தங்கைக்கு

அம்மா நேற்று எவர் கையையும் பிடிக்காமல் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார். அதைக் கண்ட கையோடு எழுதுகிறேன். அம்மாவின் தலைச்சுற்றால் எங்கள் வீடு பட்ட பாடு உறவுக்கும் அயலுக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்லவில்லை.

யாழ் போதனா வைத்தியசாலையில் கடமையிலிருந்த தாதித் தங்கையே, வரிசை வாசல்வரை நீண்டிருந்த காலை அது. அம்மாவின் கிளினிக் கொப்பியைப் புரட்டிய நீங்கள் நிமிர்ந்து, “அம்மா, தலை சுற்றுவது படுக்கையில் புரளும்போதா, சாப்பாடு பிந்தும்போதா?” என்று கேட்டீர்கள். அதுவரை எவரும் கேட்காத கேள்வி. “இரண்டிலும்தான் பிள்ளை” என்றார் அம்மா. உடனே குளிசை அட்டையின் விளிம்பை வைத்துக் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டீர்கள்: சுற்றிய நேரம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, வியர்த்ததா.

அந்தப் பக்கம் நிரம்பியதும் வைத்தியருக்கு விளங்கிவிட்டது. அம்மாவுக்கு இருந்தவை இரண்டு வருத்தங்கள். புரளும்போது வீடே சுழன்று ஒரு நிமிடத்துக்குள் அடங்கியது, உட்காதில் இடம்பெயர்ந்த சுண்ணத் துகள்களால். தலையை முறைப்படி திருப்பிப் படுக்கவைத்தே அதைச் சரிசெய்தார். சாப்பாடு பிந்திய நாட்களில் கை நடுங்கி, வியர்த்து, கண் இருண்டது, சீனி வருத்தத்துக்கு (நீரிழிவுக்கு) எடுத்த குளிசையால் இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி இறங்கியதால்; குளிசையின் அளவை மாற்றினார். சமநிலையைக் காக்கும் உட்காதுக்குச் சொந்தச் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லையாம். இரத்தம் கொண்டுவரும் குளுக்கோசையும் ஒட்சிசனையும் நம்பியே அது இயங்குகிறது. சீனி வருத்தக்காரரிடம் துகள் இடம்பெயர்வதும் கூடுதலாகக் காணப்படுகிறது என்றார் வைத்தியர். வயதுபோனால் தலை சுற்றத்தான் செய்யும் என்று கேட்டே பழகிய எங்களுக்கு இது பெரிய ஆறுதல். காரணம் தெரிந்த பிறகு அம்மாவின் பயம் பாதி போய்விட்டது.

குழி பார்த்து ஓட்டோவை மெல்ல ஓட்டிய தம்பி, நேரம் தவறாமல் குரக்கன் புட்டு அவித்து அனுப்பிய முன்வீட்டு அக்கா, இரவிரவாக விசாரித்த ரொறன்ரோ மச்சாள், இரத்தம் எடுக்கும் இடத்தில் அம்மாவுக்குக் கதிரை விட்டுக்கொடுத்த பெயர் தெரியாத ஐயா, எல்லோருக்கும் எங்கள் நன்றி.

எங்கள் ஒழுங்கையில் சீனி வருத்தமுள்ளவர்கள் பலர். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கொப்பிகள் வாங்கிவந்து, நீங்கள் போட்டது போலவே கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். தலை சுற்றுகிறது என்று யார் சொன்னாலும் ஒன்றைக் கையில் கொடுத்துத்தான் கிளினிக்குக்கு அனுப்புவேன். அடுத்த முறை வரும்போது வளவு முருங்கைக்காய் கொண்டுவர வேண்டும் என்று அம்மா ஒரே பிடியாக நிற்கிறார். தயவுசெய்து மறுக்காதீர்கள்.