எங்கள் தெருச் சாலையும் சாக்ரமெண்டோ பட்ஜெட்டும்

அன்புள்ள முருகேசன்,

நலம், நலமறிய ஆவல். சென்ற கோடையில் நீ வந்திருந்தபோது, எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் கார் குலுங்கிய குலுக்கலில் "கலிபோர்னியாவிலுமா?" என்று சிரித்தாய் அல்லவா? அன்று பேச்சை மாற்றிவிட்டேன். நேற்று சொத்து வரியின் இரண்டாம் தவணையைக் கட்டியபோது அந்தக் கேள்வி மறுபடி நினைவுக்கு வந்தது.

எங்கள் தெரு எந்த நகராட்சியிலும் சேராதது என்பதால் அதன் சாலை கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்ற அமைப்பு) பொறுப்பு. நகர எல்லைப் பலகையைத் தாண்டியதும் தார் வழவழப்பாவதை நீயே பார்த்தாய். கவுண்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேற்பார்வையாளர் குழு இருந்தும், அதன் வரவு பெரும்பாலும் மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவில்தான் முடிவாகிறது.

இதன் வேர் 1978 ஜூன் மாத வாக்கெடுப்பில் இருக்கிறது. சொத்து வரி மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும், வீடு கைமாறும் வரை அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்றும் மக்கள் தீர்மானித்தார்கள். அதனால்தான் எண்பதுகளில் வீடு வாங்கிய எதிர்வீட்டுக்காரர், அதே அளவு வீட்டுக்கு நான் கட்டுவதில் சிறு பங்குதான் கட்டுகிறார். எனக்கு அவர்மேல் வருத்தமில்லை (கொஞ்சம் உண்டு). ஆனால் இதைவிடப் பெரிய விளைவு, அந்த 1 சதவீதத்தை யார் யாருக்கு எவ்வளவு பிரித்துக் கொடுப்பது என்னும் அதிகாரம் மாநிலத்தின் கைக்குப் போனதுதான்.

1992இல் பற்றாக்குறையில் சிக்கிய மாநிலம், கவுண்டிகளுக்கும் நகராட்சிகளுக்கும் சேரவேண்டிய சொத்து வரியில் ஒரு பங்கைப் பள்ளிகளின் பக்கம் திருப்பி, பள்ளிகளுக்குத் தான் தரவேண்டிய தொகையை அந்த அளவுக்குக் குறைத்துக்கொண்டது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். இனி இப்படி எடுக்காதபடி 2004இல் வாக்காளர்கள் அரசியல் சட்டத்தில் தடை போட்டார்கள்; அதிலிருந்த அவசரகால விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டு 2009இல் மாநிலம் உள்ளாட்சிகளிடம் ஏறத்தாழ 190 கோடி டாலரைக் கடனாக எடுத்தது. பின்னர் அதைத் திருப்பித் தந்துவிட்டது என்றாலும், 2010இல் அந்த வழியையும் வாக்காளர்கள் அடைத்துவிட்டார்கள்.

கவுண்டியின் பொது நிதியைச் சிறை, பொதுச் சுகாதாரம், நலத்திட்டங்கள் ஆகியவை முதலில் எடுத்துக்கொள்கின்றன; 2011இல் சிறு குற்றவாளிகளை மாநிலச் சிறைக்குப் பதிலாகக் கவுண்டிச் சிறையிலேயே வைக்கும் ஏற்பாடும் வந்தது. சாலை இவற்றுக்கெல்லாம் பின்னால், பெட்ரோல் வரியை நம்பி நிற்கிறது. 2017இல் மாநிலச் சட்டமன்றம் அந்த வரியைக் கேலனுக்கு 12 சென்ட் உயர்த்தியது. மறுஆண்டு அதை ரத்துசெய்யக் கொண்டுவந்த முன்மொழிவை வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். அந்தப் பணத்தில் பங்கு பெற, எந்தெந்தச் சாலையில் என்ன வேலை என்று கவுண்டி ஆண்டுதோறும் பட்டியல் கொடுக்க வேண்டும்.

ஆனால் மின்சாரக் கார் வைத்திருப்பவன் பெட்ரோல் வரி கட்டுவதில்லை. பதிவைப் புதுப்பிக்கும்போது, 2020ஆம் ஆண்டு மற்றும் அதற்குப் பிந்தைய மாடல்களுக்கு 100 டாலரில் தொடங்கி விலைவாசியோடு ஏறும் ஒரு கட்டணம் மட்டும் உண்டு. நானும் இப்போது அப்படிப்பட்ட ஒருவன். குழியில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இந்த ஆண்டுப் பட்டியலைத் தேடிப் படித்தேன். எங்கள் தெருவின் பெயர் இருக்கிறது; ஆனால் வெடிப்புகளை அடைப்பதற்கு மட்டும்தான், புதுத் தாருக்கு அல்ல.

அன்புடன்,
ராஜகோபால்