ஹப் மாற்றினால் பில்லில் என்ன எழுதித் தருகிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பட்டர்வொர்த்தில் குடியிருந்து, பாலத்துக்கு அப்பால் பினாங்குத் தீவில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்துகிறவள். 2009-ஆம் ஆண்டு பெரோடுவா மைவி கார் ஓட்டுகிறேன். பினாங்குப் பாலத்தின் 13.5 கிலோமீட்டரைப் பள்ளி நாள்களில் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை கடக்கிறேன். அந்தக் காருக்குப் பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பை மாற்றப் போய் நான் பட்ட பாட்டை எழுதினால், என்னைப் போல் பட்டறையில் முழித்துக்கொண்டு நிற்பவர்களுக்கு உதவுமே என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு சத்தம். அறுபதைத் தாண்டினால் 'ஊம்ம்' என்று தொடங்கி, பாலத்தில் எண்பதைத் தொடும்போது பேச்சே கேட்காத அளவுக்கு ஏறும். பாயான் லெப்பாசில் விமானம் இறங்குகிறது என்று பல நாள் சும்மா இருந்துவிட்டேன். அப்புறம் டயர்தான் காரணம் என்று ஒருவர் சொல்ல, பின்னால் இரண்டு புது டயர் போட்டேன். பணம் போனது, சத்தம் போகவில்லை.

துப்புக் கிடைத்தது டுரியான் பருவத்தில். தங்கையோடு பாலிக் பூலாவுக்குப் போகும் வழியில், தெலுக் பகாங் அணையைத் தாண்டிய வளைவுகளில், வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் சத்தம் கூடியது. இடப்பக்கம் திரும்பினால் குறைந்தது. கியரை நியூட்ரலில் போட்டும் பார்த்தேன், எஞ்சின் அடங்கியது, சத்தம் அடங்கவில்லை. கோலாலம்பூரில் இருக்கும் என் மகன் போனில் கேட்டுவிட்டு, "இடப்பக்க பேரிங்மா. வலப்பக்கம் திரும்பும்போது பாரமெல்லாம் இடப்பக்கச் சக்கரத்துக்குத்தானே போகும்" என்றான்.

பட்டறையில் போமன் (மெக்கானிக்) காரை ஜேக்கில் தூக்கி, ஒரு கையால் சுருள் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றினார். "கையை வெச்சுப் பாருங்க டீச்சர்" என்றார். வைத்தேன். அம்மியில் மணல் அரைபடுவது போல விரலுக்குள் நறநறவென்று ஏறியது. வலப்பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அவர் கண்டுபிடித்ததில் குறையே சொல்ல மாட்டேன்.

ஹப் என்பது வேறொன்றுமில்லை, மாட்டுவண்டிச் சக்கரத்தில் குடம் என்பார்களே, அதுதான். மைவியின் பின் சக்கரத்தில் குடமும், அது தேயாமல் சுழல உள்ளே குண்டுகள் வைத்த பேரிங்கும் ஒரே கட்டியாக வரும். பேரிங் தேய்ந்தால் முழுசாகத்தான் மாற்ற வேண்டும். "ஒரி போடவா, லோக்கல் போடவா, இல்லை ஹாப்கட்டில் பார்க்கவா?" என்று கேட்டார். ஒரி என்றால் கார் கம்பெனியின் சொந்தச் சாமான், லோக்கல் என்றால் வேறு கம்பெனி செய்த மலிவானது, ஹாப்கட் என்றால் பாதியாக வெட்டிக் கொண்டுவரும் பழைய காரிலிருந்து கழற்றியது. மைவிக்கு மூலம் ஜப்பானின் டொயோட்டா பாசோ, டைஹாட்சு பூன் என்ற கார்கள் என்பதால் அங்கிருந்து வெட்டிக் கொண்டுவரும் கார்களின் சாமான்கள் இதற்குப் பொருந்தும் என்று விளக்கினார். கியர்பாக்ஸ் என்றால் ஹாப்கட்டில் வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பேரிங் ஓடி ஓடித் தேய்கிற பொருள். எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்கும் தெரியாததை எதற்குக் காசு கொடுத்து மாட்டுவது? லோக்கலே போதும் என்றேன். 90 வெள்ளி (ரிங்கிட்), கூலி தனி.

அங்கேதான் பிசகியது. ஒரி, லோக்கல், ஹாப்கட் என்று மூன்றைக் கேட்டவர், என் காரில் ஏபிஎஸ் (பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) இருக்கிறதா என்ற ஒன்றைக் கேட்கவில்லை. அந்தக் கால மைவியில் ஏபிஎஸ் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. என்னுடையது உள்ளது. ஹப்பைக் கொண்டுவந்த சாமான் கடைப் பையனிடம் நானே கேட்டேன். "சாமா லா, ஆன்ட்டி" என்றான், எல்லாம் ஒன்றுதான் என்று. நானும் நம்பினேன்.

மறுநாள் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு மஞ்சளாக எரிந்து, அணையவே இல்லை. திரும்பப் போனால், "விளக்கு எரிஞ்சா என்ன டீச்சர், பிரேக் பிடிக்குதே" என்கிறார் போமன். பிடிக்கும்தான். ஏபிஎஸ் வேலை செய்யாவிட்டாலும் சாதா பிரேக் இருக்கும். ஆனால் மழை கொட்டும்போது பாலத்தில் முன்னால் போகிற லோரி திடீரென்று நின்றால், அழுத்திய வேகத்தில் சக்கரம் பூட்டிக்கொண்டு கார் வழுக்காமல் இருக்கத்தானே அதை வைத்திருக்கிறார்கள்? பல்பைக் கழற்றிவிடலாம் என்று அவர் சொன்ன யோசனையை இங்கே விரிவாக எழுதவில்லை.

நல்ல வேளையாக, குப்பைக்குப் போக இருந்த பழைய ஹப்பை அன்றைக்கே கேட்டு வாங்கி கார் பூட்டில் (பின்பெட்டியில்) போட்டிருந்தேன். வேறொரு கடையில் அதைக் கவுண்டரில் வைத்ததும் அங்கிருந்த பெரியவர் முதலில் திருப்பி முதுகைப் பார்த்தார். "சென்சாருக்கு இடம் இருக்கிறது பாருங்கள். உங்களுக்கு மாட்டியது வெறும் முதுகாக இருந்திருக்கும்" என்றார். அந்தச் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்ற செய்தி வராவிட்டால் காரின் கணினி ஏபிஎஸ்ஸை நிறுத்திவிட்டு விளக்கை ஏற்றிவிடுமாம். காரின் பதிவுப் பத்திரமான கிராண்டை வாங்கி சேசிஸ் எண்ணைக் குறித்தார். போல்ட் ஓட்டைகளை எண்ணி, நடு வட்டத்தை வெர்னியர் அளவியால் அளந்தார். புதியதைப் பழையதன் பக்கத்தில் வைத்து, "இப்போது நீங்களே பாருங்கள்" என்று என்னிடம் தள்ளினார். விலை முன்னதைப் போல் இரண்டரை மடங்கு. பூட்டும்போது சுத்தியலை எடுக்கவே இல்லை. அடித்து ஏற்றினால் உள்ளே குண்டுகள் ஓடும் பாதையில் வடு விழுந்து, புது பேரிங்கே சீக்கிரம் ஊளையிடத் தொடங்கும் என்றார். விளக்கு அணைந்தது. பாலத்தில் இப்போது வானொலி கேட்கிறது.

சரி, முதல் கடையில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமே என்று போனேன். பில்லை நீட்டினேன். அதில் இருந்தது 'பேரிங் 1' என்ற ஒரே வரி. எந்தப் பிராண்டு, என்ன எண், ஏபிஎஸ் உள்ளதா இல்லாததா, எந்தச் சக்கரம், எதுவும் இல்லை. "நீங்கதானே லோக்கல் கேட்டீங்க" என்று கை விரித்துவிட்டார்கள். 5 வெள்ளி கட்டினால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் பதியலாம், 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அங்கே எதைக் காட்டுவது?

பட்டறை வைத்திருக்கும் நம் தம்பிமார்களை நான் கேட்பது இதுதான். பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்து பில்லில் எழுத அரை நிமிடம் ஆகுமா? ஏபிஎஸ் உண்டு, இல்லை என்று ஒரு சொல் சேர்க்க இன்னும் இரண்டு நொடி. வாசகர்களும் அதை எழுதி வாங்காமல் காசு கொடுக்க வேண்டாம். பழைய சாமானையும் கையோடு கேட்டு வாங்குங்கள்.

அந்த வெறும் முதுகு ஹப் இன்னும் என் கார் பூட்டில்தான் கிடக்கிறது. ஏபிஎஸ் இல்லாத மைவிக்காரர் யாருக்காவது சும்மா கொடுத்துவிடலாமா என்று மகனைக் கேட்டேன். "எப்படி அடிச்சு ஏத்தினாங்களோ, யாருக்கும் கொடுக்காதீங்கம்மா" என்கிறான்.

இப்படிக்கு,
மைவி ஓட்டும் ஆசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு.