பினாங்குக்குப் புறப்படும் முன்

கடையநல்லூர்

ஏலே சண்முகம்,

கடிதம் கிடைத்தது. இங்கே சாரல் பிடித்துவிட்டது, குத்தாலத்தில் கால் வைக்க இடமில்லை.

பினாங்கில் இருக்கும் நாலு நாளில் மூன்றைப் பத்து பெரிங்கிக் கடற்கரைக்கு ஒதுக்கியிருக்கிறாயே, அதை மாற்றுலே. மலாயில் பத்து என்றால் பாறை, பத்து பெரிங்கி என்றால் பறங்கிப் பாறை. நம்ம 'பறங்கி'தான் அங்கே பெரிங்கி ஆகிவிட்டான். மணல் அருமை, தண்ணீர் கலங்கல். உவரியில் குளித்தவனுக்குப் பிடிக்காது. சொறிமீனும் உண்டு. பட்டுவிட்டால் மணல் போட்டுத் தேய்க்காதே, நல்ல தண்ணீர் ஊற்றாதே, கடுப்பு கூடும். வினிகர்தான் ஊற்ற வேண்டும். ஒரு சாயங்காலம் போதும். பினாங்கின் நகரமான ஜார்ஜ் டவுன் படகுத்துறையிலிருந்து அங்கே 101 பஸ். டிரைவர் மீதி தரமாட்டார், ஒரு ரிங்கிட் தாளாக வைத்துக்கொள்.

மிச்ச நாளெல்லாம் ஜார்ஜ் டவுனுக்கு. ஒரே தெருவில் 1818ஆம் வருஷத்து ஆங்கிலேயர் சர்ச். அடுத்து சீனர்களின் குவான் யின் கோயில், மாரியம்மன் கோயில், 1801இல் காதர் மொய்தீன் கட்டிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். மாரியம்மனுக்குப் பின்பக்கம்தான் அந்தத் தெருவில் தெரியும். கோபுரம் குயின் தெருவில், சுற்றிப் போ. பள்ளிவாசலுக்கு அரைக்கால் சட்டையோடு போகாதே.

சாப்பாடு நாசி கந்தார். நாசி சோறு, கந்தார் காவடித் தண்டு. ஒருபக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாக நம்மாட்கள் தோளில் சுமந்து விற்றது. 'பஞ்சிர்' என்றால் வெள்ளம். அப்படிச் சொன்னால் கோழி, மீன், மாடு என்று நாலைந்து குழம்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிச் சோற்றை முழுக்காட்டிவிடுவார்கள். அந்தக் கலவையில்தான் ருசி. மாடு ஆகாதென்றால் கரண்டி எடுக்கும் முன்பே சொல்லிவிடு, பல கடைகளில் தமிழே போதும். பெரிய இறாலுக்கும் கணவாய்க்கும் தட்டில் விழுமுன் விலை கேள். பில் எகிறுவது அதில்தான்.

செப்டம்பர், அக்டோபர் அங்கே நல்ல மழை. தைக்குத் தள்ளினால் தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசம் கிடைக்கும். வெள்ளி ரதத்துக்கு முன்னால் சீனர்களும் தேங்காயைக் குவித்துவைத்து உடைப்பார்கள். ரூம் மட்டும் முன்கூட்டியே போட்டுவிடு.

மலேசிய வருகைப் பதிவை ஆன்லைனில், போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் முடி. அது இலவசம், காசு கேட்டால் போலித் தளம்.

வரும்போது ஜாதிக்காய்ப் பழம் கொஞ்சம் வாங்கி வா. காய்ந்ததாகப் பார்த்து வாங்கு. பாகில் ஊறியது பெட்டிக்குள் ஒழுகிச் சட்டையெல்லாம் பிசுபிசுக்கும்.

அன்புடன்,
காதர்