கிருமிகளின் செலவுக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில், நுண்ணுயிரிகள் தாம் வாழும் இடத்துக்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்வது பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். மனிதக் குடல் முதல் ஆழ்கடல் தரைவரை, பத்திக்குப் பத்தி கிருமிகளுக்குப் புதுப்புது ஆற்றல்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தன. (பாக்டீரியாவுக்குக் கண்ணும் பல்லும் வரைந்த ஓவியரை மன்னித்துவிடலாம்.) நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் தொழில்நுட்பராக வேலைபார்த்து ஓய்வுபெற்ற எனக்கு அதில் ஒரு குறை தெரிந்தது. இந்த உயிர்கள் எதையெல்லாம் தொலைத்துவிட்டுப் பிழைக்கின்றன என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை.

வயிற்றுப்போக்கு மாதிரிகளில் ஷிகெல்லாவைத் தேடுவது எங்கள் அன்றாட வேலை. 1897இல் ஜப்பானில் சீதபேதி பரவியபோது கியோஷி ஷிகா கண்டுபிடித்த கிருமி அது. மரபணுவைப் பார்த்தால், நம் குடலில் பெரும்பாலும் சாதுவாக வாழும் ஈ. கோலையின் நெருங்கிய பங்காளி. இரண்டும் ஒரே இனம் என்றே சொல்லலாம். நாங்கள் அவற்றைப் பிரித்தறிந்தது பெரும்பாலும் இல்லாமைகளை வைத்துத்தான். நீந்துகிறதா? இல்லை. லைசின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கிறதா என்று பார்க்கும் சோதனைக் குழாய் ஊதாவாகிறதா? இல்லை, மஞ்சளாகவே நிற்கிறது. பதிவேட்டில் கழித்தல் குறி போட்டுவிட்டு அடுத்த குழாயை எடுப்போம்.

அந்தக் கழித்தல் குறிக்குள் எவ்வளவு இருந்தது என்பது 1998இல் வெளிவந்தது. அமெரிக்காவில் ஆந்தனி மாரெல்லியின் குழு, லைசினைச் சிதைக்கும் மரபணுவை ஷிகெல்லாவுக்குள் திரும்ப வைத்துப் பார்த்தது. கிருமியின் வீரியம் குறைந்துபோனது. லைசின் சிதையும்போது உண்டாகும் கடாவெரின் என்ற பொருள், ஷிகெல்லாவின் குடல்நச்சை முடக்கிவிடுகிறது. ஈ. கோலைக்குப் பயன்படும் மரபணு ஷிகெல்லாவுக்குப் பகை; அதை இழந்த வம்சம்தான் மனித உடலில் தழைத்தது. நம் உயிரணுக்களுக்குள் நுழைய உதவும் பெரிய பிளாஸ்மிட் (தனியாக இருக்கும் டி.என்.ஏ. வளையம்) ஒன்றை ஷிகெல்லா வெளியிலிருந்து பெற்றதும் உண்மையே. வரவை எழுதும்போது செலவையும் எழுதுங்கள் என்கிறேன்.

தொழுநோய்க் கிருமி இன்னும் ஒரு படி மேலே. நார்வே மருத்துவர் ஹான்சன் அதை 1873இல் கண்டார். இன்றுவரை ஆய்வகத்தில் கிருமி வளர்க்கக் கலக்கும் எந்தச் செயற்கை ஊடகத்திலும் அதை வளர்க்க முடியவில்லை. ஊடகம் கலக்குவதே பிழைப்பாக இருந்த எங்களுக்கு இது ஒரு மானப் பிரச்சினை! 2001இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் வெளியானபோது காரணம் ஓரளவு புரிந்தது. காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ 4,000 மரபணுக்கள். தொழுநோய்க் கிருமியில் வேலை செய்பவை 1,600 அளவே; 1,100 போல உடைந்து, செயலிழந்து கிடக்கின்றன. வீட்டுக்காரர் சமையலை நம்பித் தன் அடுப்பை விற்றுவிட்ட குடித்தனக்காரர் மாதிரி. ஒரு முறை இரட்டிப்பாவதற்கே அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகிறது.

கடலடிக்குப் போவோம். கலபகோஸ் அருகே சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் 1977இல் காணப்பட்ட வெந்நீர் ஊற்றுகளைக் கட்டுரை நன்றாகவே விவரித்திருந்தது. அத்தகைய ஊற்றுகளில் வாழும் பெரிய வெண்மட்டியின் செவுள்களுக்குள் ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது. கந்தகச் சேர்மங்களிலிருந்து ஆற்றலெடுத்து மட்டிக்குச் சோறு போடுவது அதுதான்; முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்கும் போகிறது. 2007இல் வெளியான அதன் மரபணுத் தொகுதியின் நீளம் 12 லட்சம் எழுத்துகள், ஈ. கோலைக்கு 46 லட்சம். இத்தனை சுருங்கியும், அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் மரபணுக்களை மட்டும் அது விடவில்லை. அவற்றை விட்டால் மட்டி பட்டினி கிடக்கும், மட்டியோடு அதுவும் போய்விடும்.

121 டிகிரி செல்சியஸிலும் பெருகும் கடலடி நுண்ணுயிரியைப் பற்றிக் கட்டுரை பயமுறுத்தியிருந்தது. கருவிகளை நீராவியில் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவின் வெப்பநிலையும் அதுவே என்பதால், 2003இல் அந்தச் செய்தி வந்தபோது எனக்கும் திக்கென்றது. ஆனால் 85 டிகிரிக்குக் கீழே அது வளர்வதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அறுவை சிகிச்சை அறைக்கு அதனால் ஆபத்தில்லை.

கட்டுரையின் முடிவுதான் என்னை எழுத வைத்தது. மருந்தெதிர்ப்பு என்றால் இனித் திரும்ப முடியாத பாதை என்று அது முடிகிறது. ஆனால் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் மலேரியாவுக்குக் குளோரோகுயின் கொடுப்பதை 1993இல் நிறுத்தினார்கள். 1992இல் அங்கே 85 சதவீதமாக இருந்த எதிர்ப்பு மரபணு வகை 2000இல் 13 சதவீதமாகக் குறைந்தது. 2006இல் வெளியான சிகிச்சை ஆய்வில் அதே மருந்து 99 சதவீதம் பலனளித்தது. எதிர்ப்புத்திறன் மலேரியா ஒட்டுண்ணிக்கு ஒரு சுமை; மருந்து இல்லாத இடத்தில் சுமக்காதவை முந்திக்கொண்டன. எல்லாக் கிருமிகளிடமும் இப்படி நடந்துவிடாது. சில பாக்டீரியாக்கள் இன்னொரு மரபணு மாற்றத்தால் அந்தச் சுமையைச் சரிக்கட்டிக்கொண்டு, மருந்து நின்ற பிறகும் எதிர்ப்பை விடுவதில்லை. எந்த மருந்தை நிறுத்தினால் எந்தக் கிருமி பின்வாங்கும், எது பின்வாங்காது என்பதைத் துறை மருத்துவர் ஒருவரைக் கொண்டு தங்கள் பக்கத்தில் எழுதவைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகத் தொழில்நுட்பர்