நீலகிரி மாவட்ட ஆட்சியருக்கு: குழுக் கடன் வசூல் குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கோத்தகிரி வட்டத்தில் அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி. தனியார் நிதி நிறுவனம் ஒன்றில், ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்கள் பொறுப்பேற்கும் குழுக் கடன் வாங்கிய பத்துப் பெண்களில் ஒருத்தி. சென்ற தை மாதம், உறைபனியில் கொழுந்து கருகிப்போன நாட்களில், எங்கள் குழுவில் ஓர் அக்காவால் 2,100 ரூபாய்த் தவணையைக் கட்ட முடியவில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் வந்த வசூல்காரர்கள் இருவர், பணம் வராமல் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது என்று சொல்லி, எங்கள் ஒன்பது பேரையும் அவர் வாசலில் பனியில் நிறுத்தி வைத்தார்கள். ஆள் இல்லையென்று நினைத்துத் திரும்பிவிடுவோம் என அந்த அக்கா வீட்டு விளக்கை அணைத்திருந்தார். சன்னல் இடுக்கில் பார்த்தேன். அவருடைய மகன் போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். "கதவைத் திறங்க அக்கா" என்று கூப்பிட்டவள் நான்தான். இன்றுவரை அவர் முகத்தை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

வாங்கிய கடனைத் தர மாட்டோம் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் 2022இல் ரிசர்வ் வங்கி எங்களுடையது போன்ற நுண்கடன்களுக்கு வகுத்த நெறிமுறைகளின்படி, காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் கடன்தாரரை அழைக்கக் கூடாது. இரு தரப்பும் பேசி முடிவு செய்த இடத்தில்தான் வசூல் நடக்க வேண்டும். அங்கே அடுத்தடுத்து இரண்டு முறையாவது வராதவரின் வீட்டுக்குத்தான் ஊழியர் போகலாம். உறவினரையும் நண்பரையும் உடன் வேலை செய்பவரையும் தொந்தரவு செய்யக் கூடாது. குடும்பத்தின் மொத்தக் கடன் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் அதே நெறிமுறை சொல்கிறது. எங்கள் ஊரில் ஒரே வீட்டுக்கு மூன்று நிறுவனங்கள் கடன் கொடுத்திருப்பதால், அந்தக் கணக்கை யாராவது போட்டுப் பார்த்தார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

கடன் வசூலில் வன்முறையையும் மிரட்டலையும் தடுக்கத் தமிழக அரசு 2025இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. அதில் மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அப்படியிருந்தும், நாங்கள் காவல் நிலையத்துக்குப் போனபோது, "கடன் வாங்கினால் கட்டத்தானே வேண்டும்" என்று சொல்லி, மனுவை வாங்காமலே அனுப்பிவிட்டார்கள்.

இலைக்கான பணத்தை ஃபேக்டரிக்காரர்கள் மாதத்துக்கு ஒருமுறைதான் தருகிறார்கள். தவணையோ வாரா வாரம் வருகிறது. உறைபனிக் காலத்தில் அந்த ஒருமுறைப் பணமும் சுருங்கிவிடும். இந்த மலையில் கடன் கொடுப்பவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர்.

ஆகவே, இந்த நிறுவனங்களின் கிளை மேலாளர்களை வரும் மார்கழிக்கு முன் தாங்கள் நேரில் அழைத்து, இலைப் பணம் வரும் நாளை ஒட்டி மாதத் தவணையாக மாற்றித் தரும்படி கேட்க வேண்டும். வசூல் நேரமும் புகார் செய்ய வேண்டிய இடமும் ரேஷன் கடைகளிலும் இலை எடை போடும் இடங்களிலும் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டப்பட வேண்டும். மிரட்டல் குறித்து வரும் மனுக்களைப் பெற்று, ரசீது கொடுக்கும்படி காவல் துறைக்கும் தாங்கள் எழுத்து மூலம் அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரி வட்டச் சிறு தேயிலை விவசாயி ஒருத்தி