நடுத்தூணை எடுத்துவிட்டு ஒரே ஷட்டர் போட்ட வேலை: புகார் கடிதம்

அனுப்புநர்:
வீட்டு உரிமையாளர்கள்,
கிழக்குக் கடற்கரைச் சாலை, சென்னை.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
ரோலிங் ஷட்டர் மற்றும் கட்டட மாற்றப் பணிப் பிரிவு.

ஐயா,

பொருள்: கார் ஷெட்டின் இரண்டு ஷட்டர்களை எடுத்துவிட்டு ஒரே அகல ஷட்டர் பொருத்திய பணி – தாங்கு பீம் வரைபடப்படி இல்லாமை – உடனே முட்டுக் கொடுத்துச் சரிசெய்யக் கோருதல் – தொடர்பாக.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறோம். இந்தக் கடிதம் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஷெட்டின் முகப்பில் உள்ள பழைய கான்கிரீட் பீமுக்கு நடுவில் இரும்பு ஜாக்கி முட்டு நிறுத்தப்பட வேண்டும். ஷட்டரில் உள்ள குறைகள் ஒரு மாதம் காத்திருக்கலாம். பீம் காத்திருக்காது.

பழைய அமைப்பில் 8 அடி 6 அங்குல அகலத்தில் இரண்டு திறப்புகள், நடுவே 9 அங்குலத் தூண். தூணை எடுத்தால் மொத்த அகலம் 17 அடி 9 அங்குலம், அதாவது 5.4 மீட்டர். அந்தத் தூண் இரண்டு ஷட்டரையும் பிரிக்க வைத்த சட்டம் அல்ல. முதல் மாடி அறையின் 9 அங்குலச் சுவரும், அதன் தளமும், மொட்டைமாடித் தளமும் அதன்மேல்தான் இறங்கின. பீமின் நீளம் ஒரு மீட்டருக்குச் சுமார் 4 டன் வருகிறது என்பது வரைபடத்தோடு கொடுத்த கணக்கிலேயே இருக்கிறது.

நடுவில் தாங்கல் இருந்தவரை மொத்தச் சுமையில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல், ஏறத்தாழ 13 டன், அந்தத் தூணுக்கே போனது. இரண்டு ஓரங்களுக்கும் தலைக்கு 4 டன்தான். இப்போது தலைக்கு 11 டன்னை நெருங்குகிறது. பீமின் நிலை இன்னும் மோசம். தூணுக்கு நேர் மேலே பீம் முதுகு வளைந்து நின்றதால் அங்கே முக்கியக் கம்பிகள் மேல்பக்கம் இருந்தன. தூண் போனதும் அதே இடம் வயிறு தொங்கும் இடமாகிவிட்டது. இழுவிசை அடிப்பக்கம் வருகிறது. அதைத் தாங்கும் கம்பி அங்கே போதாது. திறப்புகளின் நடுவே அடிக்கம்பி முன்பு தாங்கியதைப் போல ஏழு மடங்கு வளைவு விசை இப்போது பீமின் நடுவில் விழுகிறது.

இதற்காகத்தான், பழைய பீமுக்கு அடியில் தாங்கலாக, வரைபடத்தில் ஐ.எஸ்.எம்.பி. 300 (300 மி.மீ. உயர எஃகு ஐ பீம்) இரண்டு கேட்டிருந்தோம். தங்கள் கொட்டேஷனிலும் அதே அளவுதான் உள்ளது. பொருத்தியிருப்பதோ ஐ.எஸ்.எம்.சி. 150 சானல் (150 மி.மீ. உயர, ‘ப’ வடிவ எஃகு) இரண்டு. 6 மீட்டர் நீளத்துக்கு இரண்டு ஐ பீமும் சேர்ந்து 530 கிலோ இருக்க வேண்டும். வந்து இறங்கிய சானல்கள் 200 கிலோகூட இல்லை. எடையில் இது இரண்டரை மடங்கு வித்தியாசமாகத் தெரியலாம். ஆனால் வளைவைத் தாங்கும் வலிமை ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தொய்யாமல் நிற்கும் விறைப்பு பதினொன்றில் ஒரு பங்கு. ‘300 போட்டால் உயரம் ஒரு அடி குறையும், 150 போட்டால் அரையடிதான் குறையும்’ என்று தங்கள் சூப்பர்வைசர் விளக்கம் சொன்னார். திறப்பின் 9 அடி உயரத்தில் ஒரு அடி போனாலும் மிஞ்சும் 8 அடி காருக்குத் தாராளம். அந்த அரையடியை நாங்கள் கேட்கவில்லை.

அந்தச் சின்ன சானலாவது ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. தூணை பிரேக்கரால் உடைத்தபோது அதன் நான்கு 12 மி.மீ. கம்பிகளையும் பீமின் அடியோடு ஒட்ட வெட்டவில்லை. ஒரு அங்குலம் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அவை இடித்ததால் சானல் பீமோடு பொருந்தவில்லை. இடைவெளியில் செங்கல் சில்லும் சிமெண்ட் கலவையும் திணித்து, மேலே பூசி மறைத்திருக்கிறார்கள். பூச்சை ஒரு சாண் அகலம் தட்டிப் பார்த்தபோது சில்லுகள் கையோடு வந்தன. கலவை காயும்போது சுருங்கும். சுருங்கினால் பீம் இறங்கி வந்து தொடும்வரை சானல் எந்தச் சுமையையும் வாங்காது. இங்கே எஃகு ஆப்பும், இடைவெளியை நிரப்பும் சுருங்காத கலவையான கிரவுட்டும் வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். வெட்டிய கம்பி முனைகளுக்குப் பூச்சும் இல்லை; கடற்காற்றில் இப்போதே துரு ஏறிவிட்டது.

ஓரங்களில் சுவரை வெட்டி 300 × 300 மி.மீ. ஆர்.சி.சி. தூண், அதற்குத் தனி அடித்தளம், அதன் தலையில் 16 மி.மீ. தகடு என்று வரைபடம் சொல்கிறது. செய்திருப்பது, செங்கல் சுவரில் ஓட்டை போட்டு மூன்று அங்குலம் சானலைச் செருகியது. தகடு இல்லை. வடக்கு ஓரத்தில் சானலுக்கு அடியில் இரண்டு வரிசைச் செங்கல் நொறுங்கிப் பூச்சு உதிர்கிறது.

விளைவு கண்ணால் தெரிகிறது. ஓரத்துக்கு ஓரம் நூல் கட்டிப் பார்த்தால் பீம் நடுவில் 14 மி.மீ. இறங்கியிருக்கிறது. மாடி அறை ஜன்னலின் இரண்டு கீழ் மூலைகளிலிருந்தும் தரையை நோக்கிச் சாய்ந்த விரிசல். முதலில் அளந்தபோது 1.5 மி.மீ.; மூன்று வாரம் கழித்து 2.5. பூச்சு விரிசல் என்றால் மூன்று வாரத்தில் இப்படி அகலமாகாது. ‘புட்டி வைத்தால் போய்விடும்’ என்ற பதிலை ஏற்க முடியாது. அந்த அறையை நாங்கள் காலி செய்துவிட்டோம்.

இனி ஷட்டர். பழையவை ஒவ்வொன்றும் 7 சதுர மீட்டர், கையால் தூக்குபவை. புதியது 14 சதுர மீட்டர். 10 சதுர மீட்டரைத் தாண்டினால் கையால் தள்ளும் ஷட்டர் சரிப்படாது, சங்கிலியோ மோட்டாரோ வேண்டும் என்பதால் மோட்டார் வைத்தது சரிதான். ஆனால் 1.25 மி.மீ. பட்டைகளாலான இந்தத் திரை ஏறத்தாழ 200 கிலோ. அதைச் சுருட்டும் பைப் 2½ அங்குலம்தான். 5.6 மீட்டர் நீளத்தில் அந்தப் பைப் தன் எடையும் சேர்த்து நடுவில் 5 செ.மீ. வரை தொய்யும். 4 அங்குல மீடியம் பைப் என்றால் ஒரு செ.மீ.க்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஷட்டரைப் பாதி ஏற்றி நிறுத்திப் பாருங்கள்: அடித்தகடு நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது. அதனால்தான் ஓரங்களில் பட்டைகள், திரை ஏறி இறங்கும் பள்ளமான கைடு சானலைக் கோணலாக உரசிக் கிறீச்சிடுகின்றன. கிரீஸ் தடவி இது தீராது.

பட்டைகளும் ஒரே நீளமானவை அல்ல. பழைய ஷட்டர்களின் பட்டைகளை, நடுவில் ஒரு துண்டுப் பட்டையை மேலே ஏற்றி வெல்டு வைத்து, பெயிண்ட் அடித்திருக்கிறீர்கள். ஒட்டு விழுந்த இடமெல்லாம் நேர் மேலும் கீழுமாக ஒரே கோட்டில் வருவதால் சுருளின் நடுப்பகுதி தடித்து, மேல்பெட்டியின் தகட்டில் இடிக்கிறது. கொட்டேஷனில் புதுப் பட்டைக்குத்தான் விலை போட்டிருக்கிறது.

கைடு சானலும் பழைய ஷட்டருக்கு உரிய 65 மி.மீ. ஆழம்தான். அகலம் இரட்டிப்பானால் காற்று தள்ளும்போது திரை அதிகம் வளையும். வளைந்தால் ஓரம் உள்ளே இழுபடும். சென்னைக்கு, கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875 கொடுக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். கச்சாக் கணக்கிலேயே இந்த ஷட்டர்மேல் 2 டன் அழுத்தம் வருகிறது. வார்தா புயலைப் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆழமான கைடும், பட்டை முனைகளைக் கைடுக்குள் பிடித்துவைக்கும் காற்றுக் கொக்கியும் இல்லாவிட்டால் திரை கைடை விட்டுப் பிதுங்கி வெளியே வரும்.

தரையையும் யாரும் பார்க்கவில்லை. இரண்டு ஷட்டர் இருந்தபோது ஒவ்வொரு பக்கத் தரைக்கும் தனி வாட்டம், வித்தியாசம் தெரியாது. இப்போது ஒரே நேர்த் தகடு 5.4 மீட்டருக்கு இறங்குகிறது. தெற்கு ஓரத்தில் 30 மி.மீ. சந்து. மழைத்தண்ணீருக்கும் எலிக்கும் அதுவே வாசல். மின்சாரம் போனால் கையால் இறக்கும் சங்கிலியும், குறுக்கே ஆள் நின்றால் நிறுத்தும் சென்சாரும் கொட்டேஷனில் உள்ளன, சுவரில் இல்லை.

சரிசெய்யும் முறையையும் எழுதிவிடுகிறோம். மறுபடி சவுக்குக் கட்டையோடு ஆள் அனுப்ப வேண்டாம். பேவர் பிளாக்கைப் பெயர்த்து, அடியில் கெட்டித்தரையில் பலகை போட்டு, அதன்மேல் இரும்பு முட்டு. பீமின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் குறுக்குக் கட்டை வைத்து மாடித்தளத்தையும் தாங்க வேண்டும். இறங்கிய 14 மி.மீ.யையும் ஜாக்கியால் ஒரேயடியாகத் தூக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். சுவர் வேறு இடத்தில் பிளக்கும். சுமையை முட்டு வாங்கிக்கொண்டால் போதும். பிறகு ஓரத்தூண்கள், அவை இறுகிய பின் இரண்டு ஐ பீம், இடையே மீட்டருக்கு ஓர் இணைப்புத் தகடு, ஆப்பு, கிரவுட். கிரவுட் போட்டு ஏழு நாள் கழித்தே முட்டு எடுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் எங்கள் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திடுவார். ஷட்டர் அதற்குப் பிறகுதான்.

தொகையில் 80 சதவீதம் செலுத்தியாகிவிட்டது. மீதி 20 சதவீதம், பீம் வேலை முடிந்து பொறியாளர் ஒப்புதல் தந்த பிறகே வரும். பீம் மாற்றும் செலவும், மாடிச் சுவர் விரிசலைச் சரிசெய்யும் செலவும் தங்களுடையவை. 48 மணி நேரத்தில் முட்டு வராவிட்டால் வேறு ஆளை வைத்து நாங்களே நிறுத்துவோம். அந்தப் பில் மீதித் தொகையில் கழியும். 15 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் இல்லையென்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட ஆணையத்தில் மனு கொடுப்போம்.

இணைப்பு: கொட்டேஷன் நகல், வரைபடம், விரிசல் அளவுகளுடன் 12 புகைப்படங்கள். பெயர்த்தெடுத்த செங்கல் சில்லுகள் ஷெட்டிலேயே ஒரு வாளியில் இருக்கின்றன. தங்கள் ஆள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்கள்